ஒரு முள் அதிகம்

நள்ளிரவு தாண்டிப் பதினொரு நிமிடம்.
சோதனைச் சாவடி என்பது ஒரு பழைய வேன்.
பாதி இறங்கிய ஜன்னல் வழியே
கையுறை போட்ட கை நீட்டியது
உள்ளங்கை அகலத் தாள் ஒன்றை.
அதில் ஒரு மீன்முள்.

நடுக்கோடு நாங்கள் போக வேண்டிய வழி.
மலையில் அது எத்தனை சுற்றினாலும்
தாளில் நேர்தான்.
இடப்பக்க முள், இடப்பக்கம் விட்டுவிட வேண்டிய சாலை.
வலப்பக்க முள், வலப்பக்கம் விட வேண்டியது.
போகக் கூடாததையெல்லாம் வரைந்து கொடுத்து
போவதை நீயே கண்டுபிடி என்கிறார்கள்.
தலை எது வால் எது என்றும் சொல்வதில்லை.

இட்வல் கிளட்சை மிதித்தபடி காத்திருந்தான்.
பகலில் பால் டாங்கர் ஓட்டுகிறவன்.
கேள்வி கேட்க மாட்டான்.
ஸ்டியரிங் மேல் விரல்கள் தாளம் போடும்,
அவ்வளவுதான்.

விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை
வரைபடத்தின்மேல் கவிழ்த்தேன்.
வேல்ஸின் மலைகள் பழுப்பு நூலாய்
வட்டத்துக்குள் சுருண்டு எழுந்தன.
"கிளம்பு, பாலம் தாண்டி வலது"
என்றேன், பாதி விடையோடு.
மீதியை ஓட ஓடத்தான் போட வேண்டும்.

இடது முள், இடது, வலது, மறுபடி இடது.
சாணி வாடை.
வேலிக்குள் பச்சையாய் மின்னும் ஆட்டுக் கண்கள்.
உறங்கும் வீடுகள் வந்ததும்
ஹெட்லைட்டைத் தாழ்த்தினான்,
நான் குரலையும் தாழ்த்திக்கொண்டேன்.

ஏழாவது முள் தொண்டையில் நின்றது.
தாளில் இருக்கிறது,
வரைபடத்தில் இடப்பக்கம் ஒரு கிளையும் இல்லை.
தலைகீழாய்த் திருப்பி எண்ணினேன்.
வாலிலிருந்து எண்ணினேன்.
அச்சுப் பிழை என்றுகூட நினைத்தேன்,
தோற்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் நினைப்பது அது.

"நிறுத்து."

பதினான்காம் எண் கார் எங்களைத் தாண்டி
நேராய்ப் பறந்தது,
எல்லாம் தெரிந்தவனின் வேகத்தில்.
கடிகாரம் தொண்ணூறு நொடி தின்றது.

"எந்த ஊர்ப் பக்கம் நிற்கிறோம்?" என்றான்.
லான்ஹிவ்கன் என்றேன்.
"தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு.
டாங்கரைத் திருப்ப அதில்தான் பின்னெடுப்பேன்."
சொல்லிவிட்டு வைப்பரை ஒருமுறை ஓடவிட்டான்.
மழை இல்லை.

கண்ணாடியை ஊர்ப் பெயர்மேல் நகர்த்தினேன்.
அது இரண்டு எல்லில் தொடங்குகிறது.
எங்களுக்கு அது ஒரே எழுத்து.
நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி
காற்றைக் கன்னத்து ஓரமாய்க் கசியவிட வேண்டும்.
பிறந்ததிலிருந்து ஒன்றாய்ப் படித்ததை
இரண்டாய்ப் பிளந்து நடுவில் பார்க்க
என் கண் பழகவில்லை.
பெரிய எல்லுக்கும் சின்ன எல்லுக்கும் இடையில்
மூன்றாவதாய் நின்றது ஒரு குச்சி.
எழுத்து இல்லை. பாதை.

அப்போதுதான் முள்ளும் விளங்கியது.
சந்துக்குள் வலப்பக்கம் திரும்பினால்
இடப்பக்கம் விடுபடுவது
இவ்வளவு நேரம் நாங்கள் ஓடிவந்த சாலையேதான்.
எங்கெங்கோ தேடினேன்,
சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

நடுவில் புல் முளைத்த தடம்
காரின் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தது.
கதவுத் தூணில் ஆணி அடித்த பலகை:
கே, டபிள்யூ.
வரைபடத்துக்குப் பென்சில், அட்டைக்குப் பேனா.
கை நடுங்கிய டபிள்யூ
இரண்டு மலையும் ஒரு பள்ளமுமாய் விழுந்தது.

மொத்தம் நான்கு நிமிடத் தாமதம்.
இருபத்தாறு கார்களில் பதினோராவது இடம்.
பலகையை எழுதியவர்கள் ஆறே பேர்.

விடிகாலை ஐந்து மணி, ஊர்மன்றக் கூடம்,
பன்றி வறுவல் வைத்த ரொட்டி.
வழி வகுத்த மெரெரித் புரொதரோ
என் அட்டையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.
"எழுத்துக்கு நடுவே நீ பார்த்தாயா, மைனிர்?"
"பார்த்தேன்" என்றேன்.

பக்கத்தில் இட்வல்
ரொட்டியைக் கடித்தபடி
மேசைமேல் தாளம் போட்டான்.